லாசாவின் பிரபுக்களும் பேரரசின் கண்காணிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் திபெத் கட்டுரையைப் படித்தேன். சீனாவை ஆண்ட சிங் பேரரசு திபெத்தின் தலைநகர் லாசாவில் அம்பான்கள் என்ற தன் பிரதிநிதிகளை அமர்த்தியிருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் திபெத்தியப் பிரபுக்கள் வெறும் தலையாட்டிப் பொம்மைகள்தானே? அவர்கள் ஆண்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

போல்ஹானேயை அறிந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள். 1720இல் சிங் படை ட்சுங்கார் மங்கோலியர்களை லாசாவிலிருந்து விரட்டியது. பிரபுக்களைக் கொண்ட ஓர் அமைச்சரவையையும் நிறுவியது. 1727இல் தலைமை அமைச்சர் காங்சென்னேயைச் சக அமைச்சர்களே கொன்றார்கள். சாங் பகுதியின் பிரபுவான போல்ஹானே படை திரட்டிப் போரிட்டு, மறு ஆண்டு லாசாவைப் பிடித்தார். பேரரசின் படை வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. கொலையாளிகளுக்கு மரண தண்டனை விதித்து, வென்றவரை அங்கீகரிப்பதுதான் அதற்கு மிஞ்சிய வேலை. 1747இல் இறக்கும்வரை ஆண்டவர் போல்ஹானே. நார்த்தாங் மடாலயத்தில் கஞ்சூர் என்ற பௌத்த மறைநூல் தொகுப்பு முழுவதையும் மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட வைத்தவரும் அவரே.

மகன் கியுர்மே நம்க்யால் அம்பான்களை மதிக்கவில்லை. ட்சுங்கார்களோடு மறைவில் தொடர்பு வைத்திருந்தார். 1750 நவம்பரில் ஃபுச்சிங், லாப்டோன் என்ற இரு அம்பான்களும் அவரைத் தங்கள் மாளிகைக்கு வரவழைத்துக் கொன்றார்கள். அவருடைய ஆள் ஒருவர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பி ஊரைத் திரட்டினார். கூட்டம் மாளிகையைத் தாக்கித் தீ வைத்தது. அம்பான்கள் இருவரும் உயிரிழந்தார்கள். பெய்ஜிங்கிலிருந்து உதவி வருமுன்பே ஏழாம் தலாய் லாமா அமைதியை மீட்டுவிட்டார். அவசரத்துக்குப் படையில்லாத இடத்தில் அம்பானின் அதிகாரம் எவ்வளவு மெலிந்தது என்பதை அந்த ஒரு நாளே காட்டிவிடுகிறது.

சியன்லுங் பேரரசர் இதிலிருந்து பாடம் கற்றார். 1751இல் ஒற்றைப் பிரபுவின் ஆட்சி ஒழிக்கப்பட்டது. தலாய் லாமாவின் கீழ் நான்கு கலோன்கள், அதாவது அமைச்சர்கள், அடங்கிய காஷாக் என்னும் அமைச்சரவை வந்தது. மூவர் பிரபுக்கள், ஒருவர் பிக்கு. நேபாளத்தின் கூர்க்காக்களோடு நடந்த போருக்குப் பிறகு 1793இல் வந்த 29 விதிகள் அம்பானுக்குத் தலாய் லாமாவுக்கு நிகரான இடம் தந்தன. மறுபிறவி லாமாக்களைத் தேர்ந்தெடுக்கத் தங்கக் கலசத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும் முறையையும் கொண்டுவந்தன. கண்காணிப்பு வெறும் பேச்சு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அம்பான்கள், பெரும்பாலும் மஞ்சுக்களும் மங்கோலியர்களும், சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போனார்கள். நிலமும் குடிகளும் பரம்பரையாகப் பிரபுக் குடும்பங்களின் கையில் இருந்தன. அரசுப் பதவிகளுக்கு ஆட்கள் வந்ததும் அந்த வீடுகளிலிருந்துதான். என் பார்வையில் ஆட்சி என்பது அங்கேதான் இருந்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கலோனாக இருந்த டோரிங் தென்ஸின் பல்ஜோரை 1791இல் கூர்க்காக்கள் சிறைபிடித்துக் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோனார்கள். விடுதலையானதும் விளக்கம் கேட்டுப் பெய்ஜிங் அழைத்தது, பதவி பறிபோனது. பிற்பாடு அவர் தன் குடும்ப வரலாற்றை விரிவாக எழுதினார். ஒரு பிரபு அந்த நாட்களை உள்ளிருந்து பார்த்து எழுதியது அது. பொம்மைகளுக்கு அப்படி எழுத வராது.