ஸ்லாட் மெஷினில் விட்ட 300 டாலர்: மெஷின் ஏமாற்றியதா?

கேள்வி: வேலை விஷயமாக வெளியூர் போனபோது உடன் வந்தவர்களோடு கேசினோவுக்குப் போனேன். முதல் நாள் ஸ்லாட் மெஷினில் (பட்டனை அழுத்தினால் சின்னங்கள் போட்ட உருளைகள் சுழன்று நிற்கும் சூதாட்ட மெஷின்) 180 டாலர் ஜெயித்தேன். மறுநாள் அதையும் விட்டு, கையிலிருந்த 300 டாலரையும் விட்டேன். பல தடவை இரண்டு சின்னம் சரியாக நின்று, மூன்றாவது மட்டும் ஒரு கட்டம் தள்ளி நின்றது. யாரோ உள்ளேயிருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்று சந்தேகமாக இருக்கிறது. நண்பரோ, "ரொம்ப நேரம் கொடுக்காத மெஷின் கொடுத்தே தீரும், விடாமல் உட்கார்ந்தால் லாபம்தான்" என்கிறார். அடுத்த மாதம் மறுபடி அதே ஊருக்குப் போகிறோம். மெஷின் நியாயமானதா, மோசடியா? ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கினால் விட்டதைப் பிடிக்க முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

இனி மோசடி விஷயம். உரிமம் வாங்கி, அரசுக் கண்காணிப்பில் நடக்கும் கேசினோ என்றால் உங்களை யாரும் ஏமாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏமாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. சட்டப்படி நடந்தாலே போதுமான லாபம் வந்துவிடுகிறது.

மெஷினுக்குள் இருப்பது ஒரு கணினி நிரல். யாரும் ஆடாத நேரத்திலும் அது இடைவிடாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும் கணத்தில் எந்த எண் இருக்கிறதோ, அதுதான் முடிவு. அதற்குப் பிறகு உருளைகள் சுற்றி நிற்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்ட முடிவைக் காட்டும் வேடிக்கைதான். முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்று அந்த நிரல் பார்ப்பதில்லை. காலையிலிருந்து கொடுக்காத மெஷினுக்கும், இப்போதுதான் ஜாக்பாட் கொட்டிய மெஷினுக்கும் அடுத்த அழுத்தலில் ஒரே வாய்ப்புதான். உங்கள் நண்பர் கடைப்பிடிப்பது சூதாட்டக்காரர்களின் மிகப் பழைய நம்பிக்கை. அதை வைத்து யாரும் பணக்காரர் ஆனதில்லை, கேசினோ முதலாளிகளைத் தவிர.

அப்புறம் கணக்கு. ஒரு மெஷின் 90 சதவீதம் திருப்பித் தருகிறது என்றால் பலரும் இப்படிப் புரிந்துகொள்கிறார்கள்: 100 டாலரோடு போனால் 90 டாலரோடு வரலாம், பத்துதானே போகிறது! அப்படி இல்லை. அந்த 90 சதவீதம் நீங்கள் கொண்டுபோகும் பணத்துக்கு அல்ல, ஒவ்வொரு சுற்றிலும் கட்டும் பந்தயத்துக்கு. 100 டாலரை ஒரு முறை முழுக்கச் சுழற்றினால் சராசரியாக 90 மிஞ்சும். அந்த 90-ஐத் திரும்பப் போட்டால் 81. அதையும் போட்டால் 73 சொச்சம். ஏழாவது முறையில் 48-க்கு வந்துவிடுவீர்கள். நடுவில் ஏறும், இறங்கும், உங்கள் முதல் நாள் 180 போல. ஆனால் உட்கார உட்கார போகும் திசை ஒன்றுதான். ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்று ஆடினால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒரு டாலர் என்றால் மணிக்கு 600 டாலர் பந்தயம், அதில் எதிர்பார்க்கக்கூடிய நஷ்டம் 60 டாலர். விடாமல் உட்காரச் சொன்ன நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச விகிதம் 75 சதவீதம், நியூ ஜெர்சியில் 83. நடைமுறையில் இதைவிட அதிகமாகவே தருகிறார்கள். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மெஷின்கள் வேறு வேறு விகிதத்தில் அமைக்கப்பட்டிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பொதுவாகச் சின்னக் காசு மெஷின்கள்தான் அதிகம் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் சொன்ன 'ஒரு கட்டம் தள்ளி' விஷயத்துக்கு வருவோம். உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது. பழைய இயந்திர உருளையில் 22 நிறுத்தங்கள் (உருளை வந்து நிற்கக்கூடிய இடங்கள்), அதில் ஜாக்பாட் சின்னம் ஒன்றே ஒன்று என்றால், மூன்று உருளையிலும் ஜாக்பாட் சின்னம் நிற்கும் வாய்ப்பு 10,648-ல் ஒன்று. 1984-ல் 'இங்கே டெல்னாஸ்' (Inge Telnaes) என்ற பெயருடையவர் ஒரு காப்புரிமை பெற்றார். அதன்படி, கண்ணுக்குத் தெரியும் உருளைக்குப் பின்னால் கணினியில் இன்னொரு பெரிய உருளை இருக்கும். அதில் 64 இடங்கள், ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 2,62,144-ல் ஒன்றாகச் சுருங்கிவிடும். உங்கள் கண்ணுக்கோ அதே 22 நிறுத்தங்கள்தான்.

இதோடு விடவில்லை. ஜாக்பாட் சின்னத்துக்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்று நிறுத்தங்களுக்கு ஆளுக்கு ஐந்து இடம் கொடுத்தால், சின்னம் பரிசுக்கான கோட்டில் நிற்பது 64-ல் ஒரு முறை, கோட்டை ஒட்டி நிற்பது 10 முறை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நீங்கள் பெருமூச்சு விட்ட அத்தனை சுற்றும் சாதாரணத் தோல்விதான், அப்படித் தெரியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 1980-களின் கடைசியில் ஒரு நிறுவனத்தின் மெஷின்கள், தோல்வி முடிவானபின் வேண்டுமென்றே 'மயிரிழையில் தவறிய' காட்சியைக் காட்டியபோது நெவாடாவின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் அதைத் தடுத்தது. மேலே சொன்ன பின்னணி உருளை முறையை மட்டும் அனுமதித்தது. எனக்குக் கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சட்டத்துக்குத் தெரிகிறது.

திரையில் பல வரிசைகள் ஓடும் புது மெஷின்களில் இன்னொரு கூத்து: ஒரு டாலர் கட்டி 30 சென்ட் திரும்ப வந்தால் விளக்கு மின்னும், இசை முழங்கும். 70 சென்ட் நஷ்டத்துக்கு இவ்வளவு கொண்டாட்டம். ஆன்லைன் ஸ்லாட்டில் இப்படி நஷ்டத்தை வெற்றிபோலக் காட்டுவதை பிரிட்டன் 2021-ல் தடை செய்தது.

நிஜ மோசடியும் நடந்திருக்கிறது. லாஸ் வேகஸில் அமெரிக்கன் காயின் என்ற நிறுவனத்தின் போக்கர் மெஷின்கள் பெரிய பரிசு விழாதபடி நிரலாக்கப்பட்டிருந்தது 1989 வாக்கில் அம்பலமாகி, உரிமம் போனது. மெஷின்களைச் சோதிக்கும் அரசு அலுவலகத்திலேயே வேலை பார்த்த ரொனால்ட் டேல் ஹாரிஸ் நிரலில் கைவைத்தார், 1995-ல் மாட்டினார். வேடிக்கை என்னவென்றால் அவர் கொள்ளையடித்தது ஆடுபவர்களை அல்ல, கேசினோக்களை! உரிமம் இல்லாத ஆன்லைன் தளங்களில்தான் உண்மையான பயம். அங்கே நிரலைச் சோதிக்க யாரும் இல்லை, ஜெயித்தாலும் பணம் வந்துசேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, உங்கள் பணம். நீங்கள் விட்டது 480 அல்ல, 300. அந்த 180 ஒரு ராத்திரிதான் உங்கள் பையில் இருந்தது. 300-ஐ அந்த மாதச் செலவில் எழுதிக் கணக்கை மூடிவிடுங்கள். மீட்க வேண்டிய பாக்கியாக அதை மனதில் வைத்திருந்தால் அடுத்த பயணத்தில் பந்தயம் தானாகப் பெரிதாகும்.

மறுபடி போகத்தான் போகிறீர்கள் என்றால், திரும்பி வராது என்று தெரிந்தே செலவிடும் தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள், கார்டுகள் அறையிலேயே இருக்கட்டும். அந்தத் தொகை சினிமா, ஹோட்டல் செலவோடு சேர வேண்டியது. சேமிப்பிலிருந்தோ அவசர நிதியிலிருந்தோ ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது. ஜெயித்தால் அதைத் தனிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். கடன் வாங்கியாவது விட்டதைப் பிடிக்கலாம் என்றோ, வீட்டில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றோ தோன்றினால் பயணத்துக்கு முன்பே அந்தக் கேசினோவைத் தொடர்புகொள்ளுங்கள். தன்னை உள்ளே விட வேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கும் வசதி பல இடங்களில் உண்டு.