நானூறு டெஸ்ட் கேஸும் ஒரு பாலக்காடும்

ஐயா,
பொள்ளாச்சியில் மூன்று பேராக பில்லிங் மென்பொருள் செய்கிறோம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சித்தூர், கொல்லங்கோடு வியாபாரிகள். டெஸ்டிங் என் பொறுப்பு. எக்செல்லில் நானூறு டெஸ்ட் கேஸ் (இதைக் கொடுத்தால் இது வர வேண்டும் என்ற சோதனை வரிகள்). ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட்டி முடிக்க ஆறு நாள். அப்படியும் பிழை வாடிக்கையாளர் கையில்தான் அகப்படுகிறது. பட்டியலை இன்னும் நீட்டவா?
க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

நீட்டாதீர்கள், பிரியுங்கள்.

விடை முன்பே தெரிந்தவை ஒரு பக்கம். வெளிமாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (ஜிஎஸ்டியில் சரக்கு வண்டிக்கான மின்னணு அனுமதிச் சீட்டு) வேண்டும். மதிப்பில் வரியும் சேரும்: 48,000 ரூபாய்ச் சரக்கு 5 சதவீத வரியோடு 50,400. வரிக்கு முந்தைய தொகையைப் பார்க்கும் நிரல் இங்கே சும்மா இருந்துவிடும். வண்டி வழியில் மாட்டும். சரியாக 50,000க்கு வேண்டாம், 50,001க்கு வேண்டும். அந்தச் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், 201க்கு இரண்டு நாள். இதையெல்லாம் கையால் ஓட்டுவது வீண். தானியங்கிச் சோதனையாக்கி, நிரலை மாற்றித் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் ஓடவிடுங்கள்.

விடை முன்பே தெரியாத மிச்சத்துக்குப் பட்டியல் உதவாது. மென்பொருள் சோதனை வல்லுநர் செம் கேனர் 1984இல் பெயர் வைத்த எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங்தான் (பட்டியல் இல்லாமல், பார்த்துப் பார்த்து அடுத்ததைச் சோதிப்பது) வழி. 90 நிமிடம் ஓர் அமர்வு, அதற்கு ஒரு வரி இலக்கு: ‘மலையாளப் பெயருக்கு பில் போட்டு, தேடி, அச்சடித்துப் பார்.’ எந்தத் தரவு கொடுத்தீர்கள், எங்கே சந்தேகம் வந்தது என்று கூடவே குறியுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் பிழையை மறுபடி வரவழைக்க முடியாது (டெவலப்பரும் ‘என் மெஷினில் வரலையே’ என்பார்).

அந்த இலக்கில் என்ன கிடைக்கும்? ‘பாலக்காடு’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒன்பது குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட். 20 பைட்டில் வெட்டும் பில் வடிவத்தில் ‘பாலக்க’ வரை வந்து, ஏழாவது குறி பாதியில் அறுந்து குப்பையாகும். மலையாளம் இன்னும் பொல்லாதது. ‘கிருஷ்ணன்’ என்பதன் கடைசிச் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்) 2008இல் யூனிகோட் 5.1 தனிக்குறி கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அது மூன்று குறிகளின் கூட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்றுக்கு மற்றொன்று அகப்படாது. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, இரண்டு பாக்கி. தேடுமுன் இரு வடிவத்தையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்; யூனிகோடின் வழக்கமான என்எஃப்சி சீராக்கம் (ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) இதைச் செய்யாது.

ரிலீஸுக்கு நான்கைந்து அமர்வு போதும். எதை எடுப்பது? இந்த முறை எந்த நிரலைத் தொட்டார்கள், தவறினால் யாருடைய பணம் போகும் என்று கேளுங்கள். தொடாத பகுதியின் பழைய கேஸ்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டலாம்.

முதல் அமர்வை வாடிக்கையாளர் கடையில் இருக்கும் அதே பிரிண்டரில் செய்யுங்கள். திரையில் சரியாக இருந்த பெயர் மூன்று அங்குலத் தாளில் கட்டம் கட்டமாக விழுவது அங்கேதான் தெரியும்.