எண்பது வயதில் சிறை எதற்கு?

கேள்வி: ஒரு காலத்தில் கோடிக்கணக்கானவர்களைச் சிரிக்கவும் ரசிக்கவும் வைத்தவர்கள், இன்று எண்பதைத் தாண்டி, கண் மங்கி, கைத்தடியோடு நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் குற்றத்துக்காக இந்தப் பிரபலங்களைச் சிறையில் அடைப்பதால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெண்கள் அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை? மானம் போனதே போதாதா?

பதில்: குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகி, அதற்குச் சட்டம் சிறை என்று சொன்னால் சிறைதான். எண்பது வயது என்பதற்காக விலக்கு அளிக்கக் கூடாது. புகழுக்காக நிச்சயமாகக் கூடாது.

புகார் வந்தவுடனே தூக்கி உள்ளே போடு என்று கூச்சலிடுபவர்களோடும் நான் இல்லை. 2014 ஆகஸ்டில் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டில் காவல்துறை சோதனை போட்டது. பிபிசி அதை ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்து உலகத்துக்கே காட்டியது. அப்போது அவருக்கு 73 வயது. அவர் கைதாகவே இல்லை. அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று 2016 ஜூனில் அரசுத் தரப்பு கைவிட்டது. பிபிசி மீது அவர் தொடுத்த வழக்கில் 2018இல் வென்றார். இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் பட்ட அவமானம் பெரிய அநியாயம். ஆனால் அவரை அதிலிருந்து மீட்டது எது என்று பாருங்கள். ஆதாரத்தை எடுத்து வைத்து, போதாது என்று சொல்லும் நடைமுறைதான் மீட்டது. ‘பாவம், வயதானவர், விட்டுவிடுங்கள்’ என்று முடித்திருந்தால், வயதைக் காட்டித் தப்பித்தவர் என்ற பேச்சு கடைசிவரை அவரை விட்டிருக்காது. வயதுக்கு விலக்குக் கேட்பவர்கள், தவறே செய்யாத முதியவரின் விடுதலையையும் சேர்த்துத்தான் பறிக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது அந்த எண்பது என்ற எண். அந்த வயது வரும்வரை வழக்கு எங்கே போயிருந்தது?

பில் காஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் அன்பான அப்பாவாக ஒரு தலைமுறையே கொண்டாடிய நடிகர். 2004 ஜனவரியில் பென்சில்வேனியாவில் உள்ள தன் வீட்டில் மாத்திரை கொடுத்து, நினைவு தடுமாறிய நிலையில் தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று, பல்கலைக்கழக ஊழியராக இருந்த ஒரு பெண் காவல்துறையிடம் சொன்னார். எப்போது சொன்னார்? 2005 ஜனவரியில். முப்பது வருடம் கழித்து அல்ல, ஒரே வருடத்தில். அப்போது காஸ்பிக்கு 67 வயது. வழக்குப் போட ஆதாரம் போதாது என்று அன்றைய அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். அந்தப் பெண் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குக்குப் போனார். அதில் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதில் சொன்ன காஸ்பி, தான் உறவுகொள்ள விரும்பிய பெண்களுக்குக் கொடுப்பதற்காக மயக்க மாத்திரைகள் வாங்கியதை ஒப்புக்கொண்டார். 2006இல் 33 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார். அந்த வாக்குமூலம் 2015 ஜூலைவரை நீதிமன்ற முத்திரைக்குள் கிடந்தது. அது வெளியே வந்தபின்தான், 12 வருடக் காலவரம்பு முடிய சில நாட்களே இருக்கையில், 2015 டிசம்பர் 30 அன்று குற்ற வழக்கு பதிவானது. 2017இல் ஜூரி, அதாவது குற்றமா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மறுவிசாரணை நடந்து, 2018 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பு. செப்டம்பரில் மூன்று முதல் பத்து ஆண்டு சிறை. அப்போது அவருக்கு 81.

67 வயதில் வந்த புகார் 81 வயதில் தண்டனையாக மாறியது. நடுவில் போன ஏறத்தாழ பதினான்கு வருடங்களுக்கும் அந்தப் பெண் எந்த வகையிலும் பொறுப்பில்லை. தண்டனை குறித்த விசாரணையில் காஸ்பியின் வழக்கறிஞர் என்ன வாதாடினார் தெரியுமா? 81 வயது, கண் தெரியாது, இவரால் இனி யாருக்கும் ஆபத்தில்லை, வீட்டுக்காவல் போதும் என்றார். உங்கள் கேள்வியும் ஏறக்குறைய அதே வாதம்தான். நீதிபதி அதை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். இழுத்தடிப்பதற்குப் பணமும் செல்வாக்கும் பயன்பட்டபின், அந்த இழுத்தடிப்பில் ஏறிய வயதையே கருணைக்குக் காரணமாகக் காட்டினால், பணமில்லாத குற்றவாளிக்குக் கிடைக்காத ஒரு சலுகையைத்தான் நாம் விற்கிறோம்.

‘அவரைத்தான் விட்டுவிட்டார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆம், 2021 ஜூன் 30 அன்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஏறத்தாழ மூன்று வருடச் சிறைக்குப் பிறகு காஸ்பி வீடு திரும்பினார். காரணம் அவர் வயதல்ல. குற்ற வழக்குப் போட மாட்டோம் என்று முந்தைய அரசு வழக்கறிஞர் சொன்னதை நம்பித்தான் அவர் சிவில் வழக்கில் வாய் திறந்தார், அதை வைத்தே பிறகு அவரைத் தண்டித்தது முறையல்ல என்றது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு; அவை மீறப்பட்டால் தண்டனை நிற்காது. அந்தத் தீர்ப்பு எனக்குக் கசக்கிறது, ஆனாலும் அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். காஸ்பி இன்றுவரை எல்லாவற்றையும் மறுக்கிறார் என்பதையும் பதிவு செய்கிறேன். 2022இல் கலிஃபோர்னியாவில் ஒரு சிவில் ஜூரி, 1975இல் 16 வயதாக இருந்த இன்னொரு பெண்ணிடம் அவர் அத்துமீறினார் என்று கண்டு 5 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்தார்கள். கேட்க ஆளில்லை. பிபிசியின் ஜிம்மி சாவில் இருந்தாரே, குழந்தைகள் ஆசைப்பட்டதை நிறைவேற்றிவைக்கும் நிகழ்ச்சி நடத்தியவர், மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டியவர், ‘சர்’ பட்டம் பெற்றவர். உயிரோடு இருந்தபோதே அவர்மீது புகார்கள் போயின. 2009இல் 82 வயதில் காவல்துறை அவரை உட்காரவைத்து விசாரித்தது. எதுவும் நடக்கவில்லை. 2011 அக்டோபரில், 84 வயதில், மரியாதையோடு இறந்தார். அடுத்த வருடம் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபின் பெண்களும் ஆண்களுமாகச் சுமார் 450 பேர் முன்வந்தார்கள். 2013 ஜனவரியில் காவல்துறை வெளியிட்ட அறிக்கையில் 214 குற்றங்கள் பதிவாகியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். 2009இல் காவல்துறை அந்தப் பெண்கள் சொன்னதை இன்னும் மதித்து விசாரித்திருந்தால் சாவில்மீது வழக்கு நடந்திருக்கக்கூடும் என்று, அரசு வழக்குத் துறையின் மூத்த வழக்கறிஞரே பிறகு ஆய்வு செய்து எழுதினார்.

82 வயதுக்காரரை எதற்குக் குடைய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாவிலைவிட வேறு சான்று வேண்டாம். அந்த 450 பேரும் யாரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்? யார் வாயிலிருந்து ‘ஆம், செய்தேன்’ என்று கேட்பார்கள்? அவர் நிரபராதி என்று நம்புபவர்களுக்கும் அதை நிரூபிக்க இனி வழியில்லை.

சாவில் விவகாரம் வெடித்தபிறகு, மற்ற பிரபலங்களால் பாதிக்கப்பட்ட பலரும் பேசத் துணிந்தார்கள். விளையாட்டு வர்ணனையாளர் ஸ்டூவர்ட் ஹால் மாட்டினார். அவர்மீதான குற்றச்சாட்டுகள் 1967 முதல் 1985 வரையிலானவை. பாதிக்கப்பட்டதில் மிகச் சிறியவளுக்கு ஒன்பது வயது. 2013 தொடக்கத்தில் நீதிமன்ற வாசலில் நின்று, இவை கொடூரமான, போலியான குற்றச்சாட்டுகள் என்று பத்திரிகைகளிடம் முழங்கினார். சில வாரங்களில் அதே மனிதர் 14 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 83 வயது அவரைப் பக்குவப்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களைப் பொய்யர்கள் என்று ஊரறியச் சொல்லும் தெம்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. முதலில் கிடைத்தது 15 மாதம். அது மிகக் குறைவு என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு போக, 30 மாதமாக உயர்ந்தது.

மானம் போனதே போதாதா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. இவர்களின் புகழ் குற்றத்துக்கு வெளியே தனியாக நின்ற ஒன்றல்ல, அதுதான் கருவி. தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் அருகில் போனார்கள், பெற்றோர் தயங்காமல் விட்டார்கள். கருவியைப் பிடுங்கியதைத் தண்டனை என்று கணக்கில் எழுத முடியாது.

காலம் கடந்த வழக்கில் குற்றவாளிக்கு ஏற்கெனவே ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஓவியரும் பாடகருமான ரோல்ஃப் ஹாரிஸுக்கு 2014இல், 84 வயதில், ஐந்து ஆண்டு ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய மகளின் தோழி. இவ்வளவு குறைவா என்று பலர் கொதித்தார்கள். ஆனால் குற்றம் நடந்த காலத்தில் இருந்த உச்ச வரம்புக்கு மேல் நீதிபதியால் போக முடியாது; அந்தக் காலத்துச் சட்டத்தில் பல பிரிவுகளுக்கு உச்ச தண்டனையே இரண்டு வருடம்தான். பன்னிரண்டு குற்றங்களில் ஒன்று 2017இல் மேல்முறையீட்டில் ரத்தானது, மற்றவை நின்றன. அவர் சிறை சென்றார், மூன்று வருடத்தில் வெளியே வந்தார், 2023இல் 93 வயதில் இறந்தார். சிறைக்கு அனுப்பினால் அங்கேயே செத்துவிடுவார் என்ற பயம் அவர் விஷயத்தில் பலிக்கவில்லை.

எனக்கே தடுமாற்றம் தரும் வழக்கு ஒன்று உண்டு. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி 1977இல் 13 வயதுச் சிறுமியுடன் உடலுறவு கொண்டதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்படும் முன்பே, 1978 தொடக்கத்தில், பிரான்ஸுக்கு ஓடிவிட்டார். 2009இல் சூரிச்சில் பிடிபட்டபோது அவருக்கு 76. பெரிய பெரிய திரைக் கலைஞர்கள் அவரை விடச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள்; அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணே, போதும், வழக்கை முடித்துவிடுங்கள் என்று பலமுறை கேட்டார். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர் மன்னித்தால் அது அவர் உரிமை, அவர் நிம்மதி. தண்டனையைக் குறைக்க நீதிபதி அதைக் கருத்தில் கொள்ளட்டும். ஆனால் முப்பது வருடம் அந்தப் பெண்ணைச் செய்திகள் துரத்தியதற்குக் காரணம், நீதிமன்றத்துக்கு வந்து நிற்காமல் ஓடிப்போன அந்த மனிதர்தான். அன்றே 44 வயதில் தண்டனையை அனுபவித்திருந்தால், அந்தப் பெண் வளர்ந்து தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் முதுமைக்கு இரக்கமே கிடையாதா? உண்டு, இருக்க வேண்டும். மறதி நோய் முற்றி, தன்மீது என்ன வழக்கு என்றே புரியாதவரை விசாரித்துத் தண்டிப்பது நீதியாகாது. இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்களுக்குச் சிறை கிடையாது. சொல்லப்பட்ட செயல் நடந்ததா இல்லையா என்பதை மட்டும் ஜூரி கண்டறியும். சிறை செல்லும் முதியவருக்கு மருந்து, மருத்துவர், சக்கர நாற்காலி, வழுக்காத குளியலறை எல்லாம் இருக்க வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பட்டும். தண்டனைக் காலத்தை முடிவு செய்யும்போது வயதையும் நீதிபதி பார்க்கட்டும். 2017இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், நாஜி முகாமில் பணியாற்றிய 96 வயதுக்காரர் சிறை செல்லத்தான் வேண்டும் என்றது. உரிய மருத்துவ வசதி கொடுங்கள், உடல்நிலை மோசமானால் தண்டனையை நிறுத்திவையுங்கள் என்றும் சேர்த்தே சொன்னது. குற்றம் வேறு என்றாலும் அந்த அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இந்த இரக்கம் பெயர் தெரியாத முதிய கைதிகளுக்கும் அதே அளவில் போய்ச் சேர வேண்டும். உலகமெங்கும் சிறைகளில் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவர்களுக்காக எனக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

யாருக்கு லாபம் என்று கேட்டீர்கள். காஸ்பியின் தண்டனை குறித்த விசாரணையில், 2005இல் காவல்துறையிடம் போன அந்தப் பெண்ணும் நீதிமன்றத்தில் இருந்தார். தன் இளமையின் ஆரோக்கியத்தையும் உற்சாகத்தையும் காஸ்பி நசுக்கிவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார். இத்தனை ஆண்டு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ‘ஜூரி நான் சொன்னதைக் கேட்டது, காஸ்பியும் கேட்டார், இனி நீதிமன்றத்துக்கு எது நியாயம் என்று படுகிறதோ அதைக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பதின்மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து அவர் கேட்டது அவ்வளவுதான். அதையும் அந்த மனிதரின் வயதைப் பார்த்து விட்டுக்கொடுங்கள் என்று அவரிடம் சொல்லச் சொல்கிறீர்கள். என்னால் சொல்ல முடியாது.