கொட்டுவது எங்கே?

கேள்வி: குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்குச் சட்ட அனுமதி கொடுத்தால் அரசுக்கு வருமானம் கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மழையும் கொட்டும், தேளும் கொட்டும். ஒரு திட்டத்தைப் பற்றி 'வருமானம் கொட்டும்' என்று யாராவது சொன்னால், எது கொட்டும், யார் தலையில் கொட்டும் என்று கேட்காமல் என்னால் மேலே படிக்க முடிவதில்லை.

நியூயார்க் மாநிலத்தைப் பாருங்கள். 1997 பிப்ரவரியில் அங்கே நயாகரா ஃபால்ஸ் நகரில் நடக்கவிருந்த, யுஎஃப்சி என்ற சண்டைப் போட்டி நிறுவனத்தின் 12-வது போட்டியைக் கடைசி நேரத்தில் மூட்டை கட்டி, அலபாமாவின் டோதான் என்ற ஊருக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். நியூயார்க்கில் தொழில்முறைப் போட்டிக்கே தடை வந்தது. மாநில மேலவை 2010 முதல் மசோதாவைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. கீழவையில் அது படுத்துக்கொண்டது. தடையை எடுத்தால் இத்தனை கோடி வரும் என்று ஆதரவாளர்கள் கணக்கு நீட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2016 ஏப்ரலில் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ கையெழுத்துப் போட்டார். நவம்பர் 12 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் யுஎஃப்சியின் நட்சத்திர வீரர்கள் மெக்ரிகோரும் அல்வாரெஸும் மோதினார்கள். அரங்கில் 20,427 பேர். டிக்கெட் வசூல் 1 கோடியே 77 லட்சம் டாலர். அந்த அரங்கு அதுவரை காணாத வசூல்.

சரி, அரசுக்கு என்ன வந்தது? டிக்கெட் வசூலில் வரி 8.5 சதவீதம். ஏறக்குறைய 15 லட்சம் டாலர். மாநிலத்தின் ஆண்டு பட்ஜெட் 15,000 கோடி டாலர் அளவு. லட்சத்தில் ஒரு பங்கு. இதைத் தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்து ஹோட்டல், டாக்சி, சாப்பாட்டுக்கடை என்று ஒரு பெருக்கல் கணக்கு வரும். அந்தக் கணக்கோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஸ்டேடியம் கட்டினாலும் ஒலிம்பிக் வைத்தாலும் அதையேதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளூர்க்காரர் சண்டை பார்க்கக் கொடுத்த காசு, அந்த மாதம் அவர் சினிமாவுக்கோ நாடகத்துக்கோ கொடுத்திருக்கவேண்டிய காசு. வெளியூர்க்காரர் கொண்டுவருவது மட்டுமே புதுப் பணம். எப்போதும் நிரம்பி வழியும் ஊரில் அவர் தங்கிய அறைக்கும் வேறொருவர் வந்திருப்பார். ஸ்டேடியங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பலர் பல ஆண்டுகளாக இதைத்தான் எழுதிவருகிறார்கள்.

மழை கொட்டிய இடம் வேறு. 2001-ல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் யுஎஃப்சியை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். நியூயார்க் தடை நீங்கிய அதே 2016-ன் ஜூலையில் அது சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது. போட்டி நடக்கும் கூண்டுக்குள் இறங்கி மூக்கை உடைத்துக்கொண்டவர்களுக்கு அதன் வருவாயில் போனது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்று நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்கள் காட்டின. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்கு ஏறத்தாழப் பாதி கிடைக்கிறது. சண்டைக்காரர்கள் வழக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 37.5 கோடி டாலர் சமரசத் தொகைக்கு 2025-ல்தான் நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் கிடைத்தது. குத்துச்சண்டை வீரர்களை ஒப்பந்தக் கொடுமையிலிருந்து காக்க முகமது அலி பெயரில் 2000-ல் வந்த சட்டம் இவர்களுக்குப் பொருந்தவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அப்படியானால் தடையே இருக்கட்டும் என்பேனா? மாட்டேன். அனுமதி கொடுக்கத்தான் வேண்டும். கேள்வியில் 'தற்காப்பு' என்றும் எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லுக்காகவே கொடுக்கவேண்டும். உரிமம் பெற்ற போட்டியில், சண்டைக்கு முன் வீரர் கையில் துணி சுற்றும்போது போட்டிகளை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். உள்ளே கடினமாக எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்து, சுற்றி முடித்த டேப்பின் மேலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு பிரித்துச் சுற்ற முடியாது. சுற்று இடைவேளையில் மருத்துவர் உள்ளே வந்து, புருவக் கிழிசலைத் துடைத்துப் பார்த்து, 'இது எத்தனை விரல்?' என்று கேட்பார். பதில் தடுமாறினால் சண்டை நின்றுவிடும். தற்காப்பு என்றால் எனக்கு இவர்கள் இரண்டு பேர்தான்.

நியூயார்க்கில் தடை இருந்த காலத்தில் சண்டை ஒன்றும் நின்றுவிடவில்லை. தடை தொழில்முறைப் போட்டிக்கு மட்டும்தான் என்பதால், அமெச்சூர் என்ற பெயரில் அரசு மேற்பார்வை இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அங்கே டேப்பில் கையெழுத்துப் போட மாநிலத்தின் ஆள் யாரும் கிடையாது.

2016 சட்டம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. உயிருக்கு ஆபத்தான மூளைக்காயத்துக்கு, வீரர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் டாலர் காப்பீடு எடுக்கவேண்டும் என்றது. கட்டுப்படியாகாது என்று சின்ன அமைப்பாளர்கள் அழுதார்கள். இந்த விதி குத்துச்சண்டைக்கும் சேர்த்துத்தான் என்பதால், மாநிலத்தில் சிறிய குத்துச்சண்டை நிகழ்ச்சிகளும் குறைந்துபோயின. அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. அதற்காக அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன அமைப்பாளரால் தாங்க முடியவில்லை என்றால், 400 கோடிக்குக் கைமாறிய தொழிலிடமிருந்து வரி வாங்கி ஒரு பொது நிதி வையுங்கள், அதிலிருந்து அந்தக் காப்பீட்டைக் கட்டுங்கள். அந்த 15 லட்சத்தை முதலில் போடவேண்டிய இடம் அதுதான்.