காலநிலை முடிவுகளில் வடசென்னைப் பெண்களின் பங்கை எப்படி வலுப்படுத்துவது?

"மாநகராட்சியில்தான் பெண்களுக்குப் பாதி இடம் இருக்கிறதே, இன்னும் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். 2022 தேர்தலில் 50 சதவீத ஒதுக்கீடு வந்தது பெரிய விஷயம்தான். மேயர் பிரியாவே வடசென்னைக்காரர். ஆனால் கவுன்சிலர் நாற்காலியோடு வேலை முடிந்துவிடாது.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களில் பெண்களும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைவதை அவர்கள் காலே சொல்லிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். படகில்லாமல் வெறுங்கையால் பிழைக்கிற பெண் அந்தக் கணக்கில் தனி ஆளாகத் தெரியவே மாட்டாள். எனக்கு ஆறாத விஷயம் இது.

கணக்கு போடும் இடத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். ஆலை, மின்நிலையம் போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருமுன் மக்களிடம் நடத்தும் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அதற்குள் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தை சுயஉதவிக் குழுக்களில் வாசித்து விளக்கலாம். மீன் விற்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் மழைநீர் வடிகால் பற்றிப் பெண்கள் பேசுவதைத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள், நகலும் கேட்டு வாங்குங்கள்.