கலங்கல் தெளியும் வேளை: டிரவுட் தூண்டிலும் வானிலையும் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மே மாதத்தில் இரண்டு நாள் அனுமதி பெற்று நீலகிரியில் எமரால்டுக்கு மேலுள்ள ஓடை ஒன்றில் தூண்டில் போட்டேன். வானம் நிர்மலமாக இருந்தது, தண்ணீர் கண்ணாடி போல இருந்தது, மடுவில் டிரவுட் நிற்பதும் தெரிந்தது. ஆனால், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. இவ்வளவு நல்ல வானிலையில் ஏன் இப்படி? (குன்னூர் வாசகர்)

பதில்: உங்களுக்கு நல்ல வானிலையாக இருந்தது டிரவுட்டுக்கு நல்லதாக இல்லை. வானத்தில் நடப்பது எதுவும் மீனை நேராகச் சென்று சேர்வதில்லை. தண்ணீரின் வெப்பமாகவோ, வெளிச்சமாகவோ, ஓட்டமாகவோ மாறிய பிறகுதான் அது மீனை எட்டுகிறது. ஆகவே, அண்ணாந்து பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, நூலில் கட்டிய ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும்படி இந்தப் பகுதிக்கு எழுதும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

டிரவுட் குளிர்நீர் மீன். ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீரில் அது சுறுசுறுப்பாக இரை தேடும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறும். 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதும், குளிர் இரத்தப் பிராணியான மீனுக்கு அதே நேரத்தில் ஆக்சிஜன் தேவை கூடுவதுமே இதற்குக் காரணம். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், இந்த இரண்டு அளவுகளிலிருந்தும் இன்னும் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். சென்ற ஏப்ரலில் மரநிழல் இல்லாத ஓர் ஓடையில் நான் அளந்தபோது காலை ஏழரை மணிக்கு 13 டிகிரியாக இருந்த தண்ணீர் பிற்பகல் இரண்டரைக்கு 19 டிகிரி காட்டியது. காலையில் புல்லோரம் வரை வந்து மேய்ந்த மீன்கள் அப்போது அருவி விழும் நுரைக்கு அடியில், ஆக்சிஜன் மிகுந்த இடத்தில், அசையாமல் நின்றன.

அடுத்தது வெளிச்சம். மீனுக்கு இமை இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரி கோண அகலமுள்ள வட்டச் சாளரம் ஒன்றின் வழியாகவே தெரிகிறது. அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். அலையில்லாத தெளிந்த தண்ணீரில், உச்சி வெயிலில், அந்தச் சாளரத்தின் ஓரத்தில் உங்கள் தொப்பியும் கையசைவும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் மீனைப் பார்த்தீர்கள் என்றால், அது உங்களை அதற்கு முன்பே பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையிலும், மாலை நான்கரைக்குப் பிறகும் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே முறை. அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் அது இறந்துபோகும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: மழைக் காலத்தில்தான் டிரவுட் நன்றாகக் கடிக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஜூலையில் அவலாஞ்சிப் பக்கம் போகலாமா? (கோவை வாசகர்)

பதில்: நண்பர் சொல்வது பாதி உண்மை. மழை என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று நிலைகள் இருக்கின்றன. மேகம் மூடிச் சாரல் மட்டும் விழும் நாள் முதலாவது. தூண்டில்காரருக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. வெளிச்சம் மங்குவதால் மீன் அச்சம் தெளிந்து மேலே வரும். நீரிலிருந்து வெளிப்படும் மேஃப்ளை போன்ற பூச்சிகள் ஈரக் காற்றில் இறக்கை உலர்ந்து பறக்க நேரமாகும் என்பதால் நீர்ப்பரப்பிலேயே மிதந்துகொண்டிருக்கும். தூண்டில் முள்ளில் செயற்கை ஈ கட்டிப் போடுபவர்களுக்கு அது அறுவடை நேரம். இரண்டாவது, கனமழையில் ஓடை ஏறிக்கொண்டிருக்கும் நிலை. தொடக்கத்தில் கரை மண்ணிலிருந்து மண்புழுவும் வண்டும் அடித்து வரப்படுவதால் சிறிது நேரம் மீன் வெறியோடு தின்னும். பிறகு தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. வெள்ளத்தின் வேகத்துக்குத் தப்பி, பாறை மறைவில் ஒதுங்கி நின்றுவிடும்.

மூன்றாவதுதான் நான் காத்திருப்பது: மழை விட்டு, வெள்ளம் வடிந்து, தண்ணீர் தேநீர் வடிகட்டியது போன்ற நிறத்துக்குத் தெளியும் வேளை. பசித்த மீன்கள் மறைவிலிருந்து வெளிவந்து, ஓட்டத்தின் ஓரங்களில் இரைக்கு நிற்கும். முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணியின் முனை மங்கலாகத் தெரியத் தொடங்கினால், மண்புழுவைக் கோத்துக் கரையோரமாகவே போடுங்கள். இந்தத் தெளிவு எல்லா ஓடைகளிலும் ஒரே நேரத்தில் வராது. சோலைக் காட்டிலிருந்து இறங்கும் ஓடை, மரமும் சருகும் மழையைத் தாங்கி மெல்ல விடுவதால், அதிகம் கலங்காமல் விரைவில் தெளிந்துவிடும். கேரட், உருளைத் தோட்டங்களுக்குக் கீழே ஓடுவதோ இரண்டு நாளானாலும் சிவந்தே கிடக்கும்.

ஆனால், ஜூலையில் அவலாஞ்சி வேண்டாம். அவலாஞ்சியும் அப்பர் பவானியும் தென்மேற்குப் பருவமழையை முகத்துக்கு நேராக வாங்கும் சரிவுகள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மேலே பெய்வது உங்களுக்குத் தெரியாமலேயே கீழே ஓடை ஏறிவிடும். அணைகளின் மதகு திறக்கும் பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். அக்டோபரில் அந்த மழை ஓய்ந்ததும் மேற்குப் பக்கம் போங்கள். வடகிழக்குப் பருவமழையின் கனம் பெரும்பாலும் கிழக்கே, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில்தான். அப்போதும் முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: காற்றமுக்கம் இறங்கும்போது மீன் கடிக்கும், ஏறும்போது கடிக்காது என்று எங்கள் பக்கத்து மூத்த தூண்டில்காரர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அமுக்கமானி வாங்கலாமா? (ஹட்டன் வாசகர், இலங்கை)

பதில்: நீங்கள் அமுக்கம் என்பதைத்தான் இங்கே அழுத்தம் என்கிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் முழுவதும் சேர்ந்து சுமார் 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். பெரிய தாழ்வு நிலை ஒன்று நெருங்கும்போது அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு, இறங்கினால், அது 10 சென்டிமீட்டர் தண்ணீருக்குத்தான் ஈடு. இரைக்காக ஒரு சாண் மேலே எழும் மீன் அதைவிடப் பெரிய மாற்றத்தை ஒவ்வொரு முறையும் அனுபவிக்கிறது. போதாததற்கு, நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் நாள்தோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்து மாலை நான்கு மணியளவில் தாழும். எந்த மழையும் இல்லாமலேயே இது நடக்கும்.

அந்த மூத்தவரின் அனுபவத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. அழுத்தம் இறங்கும்போது கூடவே மேகமும் காற்றும் வருகின்றன, வெளிச்சம் குறைகிறது. மீனைக் கிளப்புவது அவைதாம் என்பது என் கருத்து. உங்கள் நாட்டு ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் விடப்பட்ட ரெயின்போ டிரவுட்டுக்கும் நீலகிரியில் உள்ளதற்கும் இதில் வேறுபாடு இருக்கக் காரணமில்லை. அமுக்கமானிக்கு வைத்திருக்கும் பணத்தில் தண்ணீர் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், மீதியும் இருக்கும்.

கேள்வி: காற்று பலமாக அடித்தால் திரும்பிவிட வேண்டுமா? (மூணாறு வாசகர்)

பதில்: வேண்டாம். அணைநீரில் காற்று போய் மோதும் கரையில் நில்லுங்கள். வெட்டுக்கிளி, வண்டு, இறக்கை முளைத்த எறும்பு எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். சிற்றலை உங்கள் உருவத்தையும் மறைத்துவிடும். காற்றை எதிர்த்து வீசுவது சிரமம் என்பதால் தூண்டில் நரம்பின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? (உதகை வாசகர்)

பதில்: இரண்டாவது தேநீரையும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கோடைக்குச் சொன்னதற்கு நேர்மாறான கணக்கு இது. புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலையில் தண்ணீரும் குளிர்ந்து, மீனின் செரிமானம் மந்தமாகி, இரையைத் துரத்தும் விருப்பமே அதற்கு இருக்காது. வெயில் படும் கரையில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை, தூண்டிலை மடுவின் அடிவரை இறக்கி, மிக மெதுவாக இழுங்கள். இனப்பெருக்கத்துக்காகச் சரளைக் கற்கள் பரவிய ஆழமற்ற இடங்களில் இணையாக நிற்கும் மீன்களைக் கண்டால் அங்கே போட வேண்டாம். அந்தச் சரளையை மிதிக்கவும் வேண்டாம், முட்டை அதற்குள்தான் இருக்கிறது.