10 வார வெளிநாட்டு ஆய்வகப் பயிற்சிக்கு முன் எதைப் பழக வேண்டும்?

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) மூலக்கூற்று உயிரியல் படிக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: நீண்ட விடுமுறையில் ஜெர்மனி ஆய்வகத்துக்குப் போகிறேன், கிளம்புமுன் என்ன பழகலாம்?

பிப்பெட், அதாவது மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவி; அதைப் பிடிக்கும் கைதான் முதலில், தங்கச்சி. காய்ச்சி வடித்த நீரை 100 மைக்ரோலிட்டராக 10 முறை எடுத்து, நுண்தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.1 கிராம் வரவேண்டும். எப்போதும் கூடுதலாக வந்தால், பிப்பெட்டின் பொத்தான் இரண்டு இடங்களில் தடைபட்டு நிற்குமே, உறிஞ்சும்போது அதை இரண்டாம் தடை வரை அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். முதல் தடையோடு நிறுத்துங்கள்; இரண்டாவது, வெளியேற்ற மட்டுமே. எடை ஏறி இறங்கினால், விரலைச் சட்டென்று விடுவதே பெரும்பாலும் காரணம். முனையை 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் முக்காதீர்கள்; வெளிப்புறத்தில் ஒட்டும் நீரும் சேர்ந்து வரும்.

டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறைக்கான நொதி வேறு ரகம். கிளிசரால் கலந்திருப்பதால் தேன்போல மெல்ல ஏறும், குழாயின் அடியில் போய்த் தங்கும். கடைசியாகச் சேர்த்து, மென்மையாகக் கலக்குங்கள். டிஎன்ஏ இல்லாத ஒரு குழாயையும் கட்டாயம் ஓட்டுங்கள். பிறகு ஜெல்லில் பார்க்கும்போது, அதிலும் எதிர்பார்த்த அளவில் டிஎன்ஏ பட்டை தெரிந்தால் மாசு கலந்துவிட்டது, அன்றைய முடிவை நம்பக்கூடாது.

குறிப்பேட்டில் நொதியின் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் (லாட் எண்) அன்றன்றே எழுதுங்கள். ஊர் திரும்பிய பிறகு அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது.